சபர் போகிறவர்களுக்கு நோல் கார்டு: சில்வரே போதும்

கீழக்கரையிலிருந்தோ பெரியபட்டினத்திலிருந்தோ துபாய்க்குச் சபர், அதாவது பிழைப்புக்கு வெளிநாட்டுப் பயணம், கிளம்பும் பிள்ளைக்கு ஊரே பொடி இடித்துக் கட்டிக் கொடுக்கும். அங்கே மெட்ரோவில் எப்படி ஏறுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. ராமநாதபுரம் பஸ் மாதிரி கண்டக்டர் வந்து டிக்கெட் கிழிக்க மாட்டார். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் பணம் போட்டு வைத்துத் தட்டிப் போகும் நோல் கார்டுதான்.

ஸ்டேஷன் கவுண்டரில் 'சில்வர்' என்று கேட்டு வாங்குங்கள். விலை 25 திர்ஹம். அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும், ஆயுள் 5 வருடம். முதல் வகுப்புப் பெட்டிக்கான கோல்டும் அதே விலைதான், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் இரட்டைக் கட்டணம். சம்பளம் வராத முதல் மாதத்தில் அந்தப் பகட்டு எதற்கு? சிவப்புச் சீட்டு 2 திர்ஹம்தான் என்றாலும் வந்து போகும் விருந்தாளிக்குத்தான் சரி.

நகரை மண்டலங்களாகப் பிரித்திருப்பதால் கட்டணமும் மண்டலக் கணக்கு. ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹம், பக்கத்து மண்டலம் சேர்ந்தால் 5, அதற்கு மேல் 7.5. தேராவில் தங்கிப் பக்கத்து மண்டலமான கராமாவில் வேலை என்றால் போக வர நாளுக்கு 10. இரண்டு மண்டலத்துக்கான 30 நாள் பாஸ் 230 திர்ஹம். மாதம் 26 நாள் வேலை என்றால் 260 செலவாகும் இடத்தில் 30 மிச்சம். 22 நாள் வேலைக்காரருக்கோ பாஸ் 10 திர்ஹம் நஷ்டம். கடை வேலைக்குப் பாஸ், ஆபீஸ் வேலைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்தவர்கள் பணத்தை விடுவது பஸ்ஸில்தான். ஏறும்போது கார்டைத் தட்டிவிட்டு இறங்கும்போது மறந்துவிடுவார்கள். எங்கே இறங்கினீர்கள் என்று கருவிக்குத் தெரியாததால் அதிகபட்சக் கட்டணம் போய்விடும். தட்டாமலே ஏறி மாட்டினால் 200 திர்ஹம் அபராதம். மெட்ரோவிலிருந்து இறங்கி 30 நிமிடத்துக்குள் பஸ்ஸில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்காகும். வாசலில் நின்று ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை போச்சு.

சில்வரின் பெரிய குறை, அதில் பெயர் இல்லை. தொலைந்தால் உள்ளே இருக்கும் காசும் சட்டைப்பையிலிருந்து விழுந்த நோட்டு மாதிரிதான். எமிரேட்ஸ் ஐடி (அங்கே வசிப்பவருக்கான அடையாள அட்டை) கைக்கு வந்து, அங்கேயே நிலைத்து இருக்கப்போவது உறுதியானால் பெயர் பதியும் நீல அட்டைக்கு மாறலாம். 70 திர்ஹம், அதில் 20 இருப்பு. தொலைந்தாலும் மீதிப் பணத்தை மீட்க வழி உண்டு. அதுவரை சில்வரில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு வையுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து கவுண்டரில் 50 திர்ஹத்துக்குக் குறைவாகப் போட மாட்டார்கள் என்பதால் முழு 50 நோட்டோடு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் திறக்கும். விடிகாலை ஷிப்ட்காரர்கள் பஸ்ஸை நம்ப வேண்டும். வண்டிக்குள் தின்றாலும் தண்ணீர் குடித்தாலும் 100 திர்ஹம், பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினாலும் 100. அபுதாபி ஊர்ப் பஸ்ஸில் நோல் செல்லாது, அங்கே ஹாஃபிலாத் கார்டு தனியாக வாங்க வேண்டும்.

தேராவிலிருந்து பர்துபாய்க்குக் கடற்கழியைக் கடக்கும் அப்ரா படகில் மட்டும் கார்டைத் தேட வேண்டாம். படகுக்காரர் கையில் 1 திர்ஹம் சில்லறை கொடுத்தால் போதும்.