லித்தியம் பேட்டரி: எந்த வேலைக்கு எது?

இன்வெர்ட்டருக்கும் சோலாருக்கும் என்றால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8. பழைய லெட் ஆசிட் பேட்டரி இருந்த இடத்தில் நன்றாகவே பொருந்தும். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி வகையில் அந்த வசதி இல்லை: மூன்று செல் போட்டால் 11.1, நான்கு போட்டால் 14.8, முழு சார்ஜில் 16.8 வரை ஏறிவிடும். ஆனால் அதே எடைக்குக் கூடுதல் சக்தி தருவது என்எம்சிதான். மின்சைக்கிள், கை டிரில் போன்றவற்றுக்கு அதுவே சரி.

எல்எஃப்பியில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மல்டிமீட்டரை வைத்தால் பாதி சார்ஜிலும் 13.2-ஐ ஒட்டியே காட்டும், முக்கால்வாசியிலும் கிட்டத்தட்ட அதேதான். வோல்ட்டைப் பார்த்து மீதியைக் கணிக்க முடியாது. உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை அளந்து மீதியைக் கணக்கிடும் ஷண்ட் வைத்த மீட்டர் வாங்குங்கள்.

இந்த 12.8 வோல்ட் எல்எஃப்பிக்குச் சார்ஜர் 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. லெட் ஆசிடுக்கான ஈக்வலைஸ் முறையை (செல்களைச் சமப்படுத்த வோல்ட்டை வேண்டுமென்றே உயர்த்துவது) கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வோல்ட் எகிறி, பேட்டரியைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் ஆனோடின் (செல்லின் எதிர்மின்முனை) மேல் லித்தியம் உலோகமாகப் படியும். அப்படிப் போன கொள்ளளவு திரும்பாது. கடுங்குளிரில்தான் வேலை என்றால் எல்டிஓ (லித்தியம் டைட்டனேட்) வகை: செல்லுக்கு 2.4 வோல்ட்தான், கனமும் விலையும் அதிகம், ஆனாலும் அங்கே தாக்குப்பிடிப்பது அதுதான்.