சாணி பிழியும் மெஷின்: சக்கை காய்கிறது, சத்து வடிநீரோடு போகிறது

ஸ்க்ரூ பிரஸ் மெஷினை விற்க வருகிறவர் முதலில் செய்வது, வாயிலிருந்து விழும் சக்கையை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துக் காட்டுவதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதில் ஏமாற்று வேலையும் இல்லை. அடுத்த வாக்கியமாக "இனி கிணறும் கெடாது, ஓடையும் கெடாது" என்று சேர்க்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது. நடுத்தரப் பண்ணைகளுக்கென்று விற்கப்படும் 3 முதல் 5.5 கிலோவாட் மோட்டார் கொண்ட இந்த வகை மெஷின்கள் எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பதைத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம். எந்தக் கம்பெனி பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான்.

உருளை வடிவ எஃகுச் சல்லடை, அதற்குள் சுழலும் திருகு, முனையில் எடைக்கல்லாலோ ஸ்பிரிங்காலோ அழுத்தப்படும் மூடி. குழியிலிருந்து பம்பு ஏற்றும் சாணிக் கரைசல் மேல்தொட்டிக்கு வந்து திருகுக்குள் இறங்கும். நீர் சல்லடை வழியே வடிநீராக வெளியேறும், சக்கை முனையில் விழும். மிஞ்சியது வழிகுழாய் வழியாகக் குழிக்கே திரும்பும். சல்லடைத் துளை 0.5, 0.75, 1 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். நார்தான் முனையில் கெட்டியான அடைப்பாகச் சேர்ந்து, பின்னால் வருவதைப் பிழிய உதவுகிறது. அந்த அடைப்பு இல்லையென்றால் மெஷினே இல்லை. ஒட்டுமொத்தச் செயல்பாடும் அதை நம்பித்தான் நிற்கிறது.

இனி கணக்கு. 50 கறவை மாடு, மாட்டுக்கு நாளொன்றுக்குச் சாணமும் மூத்திரமுமாக 50 லிட்டர், அதே அளவு கழுவும் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். குழிக்கு வருவது 5,000 லிட்டர். மாட்டிலிருந்து வரும்போது 12 சதவீதமாக இருந்த உலர்பொருள் 6 சதவீதமாக நீர்த்திருக்கும். அதாவது ஆயிரம் லிட்டரில் 60 கிலோ. நல்ல நிலையில் ஓடும் ஸ்க்ரூ பிரஸ் இதில் 40 சதவீதத்தைச் சக்கையில் பிடிக்கும், அது 24 கிலோ. சக்கை 28 சதவீத உலர்பொருளோடு வெளிவந்தால் அதன் எடை 86 கிலோ. மீதி 914 லிட்டரும் வடிநீர். கன அளவில் குறைந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "தொட்டி பாதியாகக் குறையும்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.

சத்துக் கணக்கு இன்னும் மோசம். 6 சதவீத மாட்டுச்சாணிக் கரைசலில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.6 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 1.2 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 2.5 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இருக்கும். தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி அம்மோனியமாகத் தண்ணீரில் கரைந்தே கிடக்கிறது. சாம்பல்சத்து முழுக்கவே அப்படித்தான். கரைந்ததைச் சல்லடை எப்படிப் பிடிக்கும்? மணிச்சத்து கரையாமல் துகளோடு ஒட்டியிருந்தாலும், அது ஒட்டியிருப்பது சல்லடைத் துளையைவிடப் பலமடங்கு சின்னத் துகள்களில். அதனால் பொதுவாகத் தழைச்சத்தில் 10 முதல் 20 சதவீதமும், மணிச்சத்தில் 15 முதல் 30 சதவீதமும்தான் சக்கையோடு போகும். மீதி அத்தனையும் வடிநீரில். மணிச்சத்தைப் பெருமளவு பிரித்தெடுத்து வெளியே அனுப்பியே தீரவேண்டும் என்றால் அதிவேகத்தில் சுழலும் டெகான்டர் சென்ட்ரிஃபியூஜ்தான் வழி. அது 60 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் மின்சாரமும் பராமரிப்பும் வேறு உலகம். சிறு பண்ணைக்கு ஒத்துவராது.

அப்படியானால் ஸ்க்ரூ பிரஸ் எதற்கு? அதற்கும் நியாயமான பதில் உண்டு. நார் போன வடிநீர் குழாயில் அடைக்காது, தொட்டியில் மேலே ஆடை கட்டாது, தொங்குகுழாய் வைத்துப் பயிர் வரிசைக்கிடையில் சீராக விட முடியும், மண்ணுக்குள் விரைவாக இறங்கும் என்பதால் அம்மோனியா இழப்பும் ஓரளவு குறையும். சக்கையோ அள்ளி வண்டியில் ஏற்றித் தூரத்து வயலுக்கு அனுப்பும் பதத்தில் இருக்கும், மக்கவும் செய்யும். கையாளும் வசதிக்கு இது நல்ல மெஷின். தண்ணீரைக் காக்கும் வேலையோ இது முடித்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மெஷின் சொதப்புவது பெரும்பாலும் மெஷினால் அல்ல, உள்ளே போவதால். உலர்பொருள் 2 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அடைப்பு நிற்காது. மூடி திறந்து, சக்கைக்குப் பதில் பச்சைக் கரைசலே கொட்டும். இதற்குக் காரணம் அநேகமாக ஹோஸ்பைப். தொழுவத்தை முதலில் வறட்டாக வழித்துத் தள்ளிவிட்டு, பிறகு கழுவுங்கள். கூரைத் தண்ணீரைத் தனி வாய்க்காலில் திருப்புங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் மெஷினைக் குறை சொல்வதில் பொருளில்லை. 4 முதல் 8 சதவீதம் இருந்தால் வேலை சுகமாக நடக்கும். பன்றிப் பண்ணைக் கரைசலில் நார் குறைவு, துகள் பொடி. எனவே மாட்டுக்குச் சொன்ன எண்களை அதற்கு எதிர்பார்க்கக் கூடாது. சாணஎரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுக்கும் அதே கதை. நாரின் ஒரு பகுதியை நுண்ணுயிர் ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும். கூடவே, அந்தக் கழிவு ஓடும் குழாயின் உட்சுவரில் மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் வெள்ளைக் கல்லாகப் படியும்.

காலையில் ஓட்டத் தொடங்கும்போது முந்தைய நாள் அடைப்பு உள்ளேயே இருக்கும்படி நிறுத்தியிருந்தால் நல்லது. இல்லையென்றால் மூடியை இறுக்கி, கெட்டியான கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அடைப்பு உருவான பிறகு எடையைச் சரிசெய்ய வேண்டும். பம்பு வெறுமனே சுற்றினாலும் மேல்தொட்டி காலியானாலும் அடைப்பு பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே குழியில் மட்டம் பார்க்கும் மிதவை சுவிட்ச் கட்டாயம். அதைக் கூடுதல் உபகரணம் என்று தனியாக எழுதித் தரும் கொட்டேஷன்களைப் பார்க்கையில் சிரிப்புதான் வருகிறது.

தேய்மானம் இரண்டு இடத்தில்: திருகின் விளிம்பு, சல்லடை. இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டியது. மணல், சிறுகல், படுக்கைக்குப் போட்ட மண் ஆகியவை விளிம்பைச் சாப்பிட்டு இடைவெளியைப் பெரிதாக்கும். சக்கை ஈரமாக வருவதும், வடிநீரில் நார் தெரிவதும் அதன் அடையாளம். எடையைக் கூட்டி இறுக்கினால் சரியாகும் என்று நினைப்பவர்கள் மோட்டாரைத்தான் வதைக்கிறார்கள். விளிம்பை மறுபடி வெல்டு வைத்து ஏற்றும் வசதி உள்ள திருகா, முழுதாக மாற்ற வேண்டியதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பம்பின் வாயில் மணல் படியும் குழியும், கயிறு, சாக்குத்துண்டு, பிளாஸ்டிக் தடுக்கும் கம்பிவலையும் வேண்டும். வேலை முடிந்ததும் சல்லடையின் வெளிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் விட்டால், மறுநாள் துளைகள் சிமெண்ட் பூசியதுபோல் ஆகிவிடும்.

குழியைக் கலக்காமல் ஓட்டினால் முதலில் தண்ணீரும் கடைசியில் சேறும் வரும், கலக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரேயடியாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமான அந்த வாயு குழிக்குள்ளேயே தங்கும். அதிகச் செறிவில் மூக்கு அதை உணரவும் முடியாது, ஆளை நொடியில் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடப்பது. கலக்கத் தொடங்கிக் குறைந்தது அரைமணி நேரத்துக்கு ஆளும் மாடும் அருகில் இருக்கக் கூடாது. குழிக்குள் யாரும், எக்காரணம் கொண்டும், இறங்கக் கூடாது.

இப்போது வடிநீர். நம் 50 மாட்டுப் பண்ணையில் நாளொன்றுக்கு 4,570 லிட்டர். வயலில் பயிர் இல்லாத, அல்லது மழையில் மண் ஊறிக்கிடக்கும் 90 நாளுக்குத் தேக்கிவைக்க வேண்டுமென்றால் 4,11,000 லிட்டர் கொள்ளளவு. தொட்டி திறந்ததாக இருந்தால் ஒரு சதுரமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 200 சதுரமீட்டர் பரப்பில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 1,20,000 லிட்டர் கூடுதல். அதற்கு மேல் விளிம்புக்குக் கீழே 30 சென்டிமீட்டர் காலியிடம். மெஷின் கொட்டேஷனில் இந்தத் தொட்டி ஒருபோதும் இருக்காது. அது இல்லாமல் மெஷின் வாங்கியவர்கள், மழைநாளில் நிரம்பிய குழியை ஓடையோரம் திறந்துவிடுவதில்தான் முடிக்கிறார்கள்.

நிலமும் அதுபோலத்தான். நாளொன்றுக்குக் கரைசலில் வரும் 13 கிலோ தழைச்சத்தில் சுமார் 11 கிலோ வடிநீரில் இருக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ. ஐரோப்பிய நைட்ரேட் விதி கால்நடைக் கழிவுக்கு வைத்திருக்கும் 170 கிலோ/ஹெக்டேர்/ஆண்டு உச்சவரம்பை அளவுகோலாக எடுத்தால் கிட்டத்தட்ட 24 ஹெக்டேர் தேவை. அதைவிடக் குறைந்த நிலத்தில் ஊற்றினால் பயிர் எடுக்காத நைட்ரேட் வேருக்குக் கீழே இறங்கிக் கிணற்றைத் தொடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். பால்புட்டியில் கலக்கும் தண்ணீரில் அது மிஞ்சினால் கைக்குழந்தையின் உடல் நீலம்பாயும் ஆபத்து உண்டு.

மணிச்சத்து வேறு விதமாகக் கழுத்தறுக்கும். தழைச்சத்தில் பாதிதான் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிடைக்கும் என்பதால், ஹெக்டேருக்கு 60 கிலோ வேண்டுபவர் 50,000 லிட்டர் விடுகிறார். அதோடு 50 கிலோவுக்கு மேல் பாஸ்பேட்டும் போகிறது. 5 டன் தானிய அறுவடை எடுத்துச்செல்வதோ 40 கிலோவை ஒட்டித்தான். பருவத்துக்குப் பருவம் மிச்சம் மேல்மண்ணில் சேர்ந்து, மழையில் அரித்துப்போகும் மண்ணோடு ஏரிக்குப் போகும். அங்கே லிட்டருக்கு மில்லிகிராமில் நூற்றில் சில பங்கு பாஸ்பரஸ் இருந்தாலே பாசி பூத்துவிடும். ஆகவே மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்த வயலுக்கு அளவைத் தழைச்சத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், மணிச்சத்தை வைத்து முடிவுசெய்து, குறையும் தழைச்சத்தை யூரியாவாகக் கொடுங்கள். சோதனைக்கு 15 செ.மீ. ஆழத்தில் வயல் முழுக்க 15, 20 இடத்தில் எடுத்த மண்ணைக் கலந்து அனுப்பவேண்டும். ஆய்வகத்தில் மணிச்சத்தை அளக்க, கார மண்ணுக்கு ஓல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறை.

ஒரே நாளில் 50,000 லிட்டரையும் விட்டுவிடாமல் இரண்டு தடவையாகப் பிரியுங்கள். ஹெக்டேருக்கு 10,000 லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் ஆழம். 25,000 லிட்டர் இரண்டரை மில்லிமீட்டர்தான், மண் தாங்கும். வெடிப்பு விட்ட களிமண்ணில் மட்டும் அதுவும் ஆபத்து. விரிசல் வழியாக வடிநீர் மண்ணில் வடிகட்டப்படாமலே நேராகக் கீழே போகும். லேசாக உழுது வெடிப்பை மூடிவிட்டு விடுங்கள்.

சக்கைக் குவியலையும் மறக்க வேண்டாம். வெறுந்தரையில், மழை படும்படி குவித்தால் பழுப்பு நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். சிமெண்ட் தளம், மேலே கூரை, ஒழுகுநீர் குழிக்கே திரும்பும் சரிவு ஆகியவை வேண்டும்.

டெமோ பார்க்கப் போகிறவர்கள் அவர்கள் வைத்திருக்கும் கரைசலை நம்பாமல், உங்கள் குழியிலிருந்து கலக்கி எடுத்ததை இரண்டு டிரம்மில் கொண்டுபோங்கள். சக்கையைக் கையில் பிழிந்து பார்ப்பதோடு நிற்காமல் கரைசல், சக்கை, வடிநீர் மூன்றிலும் மாதிரி எடுத்து, பாட்டிலில் வாயு சேர இடம்விட்டு மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, குளிர்ச்சியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உலர்பொருள், மொத்தத் தழைச்சத்து, அம்மோனிய வடிவம், மணிச்சத்து நான்கும் கேளுங்கள். சக்கையின் எடையையும் அங்கேயே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். எடை இல்லாமல் சதவீதத்தை மட்டும் வைத்து எந்தச் சத்து எங்கே போனது என்று கணக்கிட முடியாது.