விடிய விடிய கூத்து வீடியோ பாக்க எது ஒத்து வருது? விஎல்சியா, எம்எக்ஸ் பிளேயரா, யூடியூபா?

எங்க ஊரு கே.வி.குப்பம் பக்கம், திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் (மகாபாரதக் கதை) வச்சா ராத்திரி கூத்து, கடைசில படுகளம், அதாவது துரியோதனன் சாவுற கட்டம். எங்க மாமா இதெல்லாம் பல வருஷமா பிடிச்சு வச்சிகினு கீறாரு, பழசு எல்லாம் விசிடி, அப்புறம் எடுத்தது கேம்கார்டர் எம்டிஎஸ் ஃபைல். நைனாவுக்கு இப்போ முட்டி வலி, கோயில் வாசல்ல விடியற வரைக்கும் உக்கார முடியாது, அதனால அவருக்கோசரம் எல்லா பிளேயரும் போட்டு பாத்துட்டேன்.

மொதல்ல விசிடி. ஒரு டிஸ்க்ல 74, 80 நிமிஷம் தான் புடிக்கும், ஒரு ராத்திரி கூத்துக்கு ஆறேழு டிஸ்க். உள்ள இருக்கறது டாட் (DAT) ஃபைல், பல பிளேயருக்கு அது இன்னான்னே தெரியாது. விஎல்சில அப்படியே இழுத்து போட்டா ஓடுது, தனியா கோடெக் (ஃபைலை படிச்சு காட்டுற சின்ன சாஃப்ட்வேர்) எதுவும் தேவையில்ல. படம் 352க்கு 288 புள்ளி தான், பெரிய டிவில மங்கலா தான் தெரியும், அதுக்கு எந்த பிளேயராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

எம்டிஎஸ் ஃபைல்ல தான் உண்மையான வித்தியாசம் தெரியுது. துரியோதனன் வேஷக்காரர் கிர்ருனு சுத்தி ஆடும்போது தோள்ல கட்டுற புஜக்கட்டை ஓரமா வரி வரியா பிசிறு அடிக்கும், ஏன்னா கேமரா ஒரு ஃபிரேமை ரெண்டு பாதியா பிரிச்சு எடுத்து வச்சிருக்கு. விஎல்சில டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணா (கீபோர்டுல டி அமுக்குனா போதும்) பிசிறு போயிடுது. சத்தம் வாய் அசைவுக்கு முன்ன பின்ன வந்தா ஜே, கே பட்டன்ல சரி பண்ணிக்கலாம். கூத்துல பாட்டும் அடவும் ஒட்டி வரலன்னா நைனாவுக்கு கோவமே வந்துடும், அதனால இது எனக்கு ரொம்ப பெரிய விஷயம்.

அதே ஃபைலை போன்ல எம்எக்ஸ் பிளேயர்ல போட்டேன், படம் வருது, மத்தளமும் இல்ல முகவீணையும் இல்ல. அதுல இருக்கற ஆடியோ ஏசி3ங்கற வகை, லைசென்ஸ் காரணமா எம்எக்ஸ் அதை எடுத்துட்டாங்க, கஸ்டம் கோடெக்னு தனியா எறக்கி செட்டிங்ஸ்ல காட்டுனா தான் சத்தம் வரும். அதை பண்ணிட்டா அப்புறம் சொகம் தான், விரலால தேச்சா சத்தம், வெளிச்சம், ரெண்டு விரல் வச்சா பெருசாவுது, நைனா கைக்கு அது தான் பழகிடுச்சு. ஆனா 2018ல டைம்ஸ் இன்டர்நெட் வாங்குனதுக்கு அப்புறம் அது சீரியலும் விளம்பரமும் காட்டுற இடமா ஆயிடுச்சு, 2024ல அமேசான் கைக்கு போயிடுச்சு. போன்ல இருக்கற ஃபைலை மட்டும் பாக்கறவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? விஎல்சில விளம்பரமே கிடையாது, காசும் கிடையாது, பாரிஸ்ல காலேஜ் பசங்க 1996ல ஆரம்பிச்சது இன்னிக்கும் அப்படியே கீது.

ஒரு எச்சரிக்கை. 2022ல விஎல்சியோட சொந்த சைட் நம்ம நாட்டுல கொஞ்ச மாசம் பிளாக் ஆயி இருந்துச்சு, நவம்பர்ல தான் திறந்தாங்க, அப்போ நான் வேற எதோ ஒரு சைட்ல இருந்து எறக்கி லேப்டாப் ஃபுல்லா கண்ட குப்பை வந்து, காட்பாடில ஒரு கடைல குடுத்து ஃபார்மேட் போட வேண்டியதா போச்சு. சொந்த சைட்டை விட்டு வேற எங்கயும் எறக்காதீங்க.

பழைய லேப்டாப் ரொம்ப திணறுச்சுன்னா எம்பிசி ஹெச்சினு இன்னொரு பிளேயர் லேசா ஓடும். பாட்பிளேயரும் நல்லா தான் இருந்துச்சு, ஆனா செட்டிங்ஸ் அவ்ளோ இருக்கு, எனக்கு பொறுமை இல்ல.

யூடியூப் வேற கணக்கு. போன் நம்பர் வெரிஃபை பண்ண அக்கவுண்ட்ல 12 மணி நேரம் வரைக்கும் ஒரே வீடியோவா ஏத்தலாம், ஒரு ராத்திரி முழுசும் அடங்கிடும், ஓசூர்ல இருக்கற அக்காவும் பாக்கலாம். ஆனா 8 நிமிஷத்துக்கு மேல போற வீடியோல நடுவுல விளம்பரம் வரும், திரௌபதி அழுதுகினு பாடும்போது சோப்பு விளம்பரம் வந்தா நைனா போனையே கீழ வச்சிடறாரு. திரையை அணைச்சிட்டு பாட்டு மட்டும் கேக்கணும்னா பிரீமியம் கட்டணும், விஎல்சில அது சும்மாவே வருது. எங்க ஊர்ல சாயங்காலம் ஆனா நெட் 144பி (இருக்கறதுலயே மங்கலான படம்) தான் தாங்கும், அதுல கூத்து கோமாளி கட்டியங்காரன் மூஞ்சியே தெரியாது.

அதனால அக்காவுக்கு யூடியூப், நைனா போன்ல கோடெக் போட்ட எம்எக்ஸ், மத்த எல்லாத்துக்கும் விஎல்சி. டிவில பென்டிரைவ் சொருகுனா டாட் ஃபைல் எடுக்கல, அதனால விஎல்சிலயே கன்வெர்ட் போட்டு எம்பி4 ஆக்கிகினு கீறேன், மூணு டிஸ்க் முடிஞ்சுது, படுகளம் இருக்கற டிஸ்க்ல கீறல், அதை மட்டும் மாமா கிட்ட வேற காப்பி கீதான்னு கேட்டிருக்கேன்.