வியட்நாமின் ரயில் கரையா, தாய்லாந்து–பினாங்கின் படகுக் கரையா? இருவர் போகும் முதுகுப்பைப் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

தென்கிழக்காசியாவில் முதுகுப்பையோடு நண்பர் ஒருவருடன் இரண்டு மூன்று வாரம் சுற்ற வேண்டும், நகரங்களும் வேண்டும், கடலும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு வழிகளை எடுத்துச் சொல்வது வழக்கம். முதலாவது, ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் இடையே வியட்நாமின் கரையை ஒட்டி ஓடும் ரயில் வழி. இரண்டாவது, தாய்லாந்தின் மேற்குக் கரையில் புக்கெட்டில் தொடங்கி, கிராபி, கோ லந்தா, திராங் ஆகிய ஊர்களின் வழியே மலேசிய எல்லையைக் கடந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனில் முடியும், பாதி படகும் பாதி சாலையுமான வழி. அழகில் எது உயர்ந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது. ஊர்கள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. தனியாளாக இல்லாமல் இருவராகப் போகும்போது பயணம் இனிக்குமா கசக்குமா என்பதை அந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

வியட்நாம் வழி ஒரே கோடாக நீள்வது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கட்டத் தொடங்கி 1936இல் முடிந்த அந்த மீட்டர் கேஜ் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது துண்டிக்கப்பட்ட அது, போர் முடிந்த மறு ஆண்டின் கடைசி நாளான 1976 டிசம்பர் 31 அன்று மீண்டும் முழுவதுமாக இணைந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடைவிடாமல் போனால் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் யாரும் அப்படிப் போக வேண்டியதில்லை. ஹுவே, டா நாங், குய் நோன், நா ட்ராங் என்று இறங்கி இறங்கிப் போகலாம். இந்த வரிசையின் சிறப்பு, பெரும்பாலான நிறுத்தங்களில் நகரமும் கடலும் சேர்ந்தே கிடைப்பதுதான். டா நாங்கில் காலையில், மத்திய வியட்நாமை முன்பு ஆண்ட சாம் மக்களின் சிற்ப அருங்காட்சியகத்தில் நின்றவர், மதியத்துக்குள் மி கே கடற்கரை மணலில் இருக்கலாம். ஒருவருக்கு வரலாறும் மற்றவருக்குக் கடலும் பிடிக்கும் நட்பில் இதனால் தீரும் வாக்குவாதங்கள் கொஞ்சமல்ல.

இந்தப் பாதையில் ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 100 கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குறையில்லை என்று சொல்வேன். மலைத்தொடர் அங்கே நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. சாலை 496 மீட்டர் உயரமுள்ள ஹை வான் கணவாயின் மேலே ஏறிப் போக, ரயில் பாறையின் அடியோரமாகச் சிறு சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து அலைகளுக்கு மேலே ஊர்ந்து செல்கிறது. லாங் கோ உப்பங்கழியைத் தாண்டியதும் பெட்டியின் ஒரு பக்கம் முழுவதும் நீலமாகிவிடும். 2005இல் மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சாலைச் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு, லாரிகளில் பெரும்பாலானவை கீழே போய்விட்டதால், மேலேயுள்ள கணவாய்ச் சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் சுற்றுலாக்காரர்களுக்கும் உரியதாகிவிட்டது. ஒருவர் ரயிலில் போகவும், மற்றவர் உள்ளூர் ஓட்டுநரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து கணவாயின் மேல் போகவும், மாலையில் டா நாங்கில் சந்தித்துத் தாம் கண்டதைச் சொல்லிக்கொள்ளவும் முடிகிற இடம் இது. நெடும்பயணத்தில் நண்பர்கள் அவ்வப்போது சில மணி நேரமாவது பிரிந்திருப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. கோடாக அமைந்த பாதை அதற்கு இடம் தருகிறது. யார் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்த நிலையம் ஒன்றுதான்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் இந்த வசதி கிடையாது. பாங்காக்கிலிருந்து தெற்கே வரும் ரயில் பாதை கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கமாகவே ஓடுகிறது. கிராபிக்கு வருபவர் சூரத் தானியில் இறங்கிப் பேருந்தில் குறுக்கே வர வேண்டும். திராங் வழியாகக் கந்தாங்கில் முடியும் கிளைப் பாதை ஒன்றே இந்தக் கரையை எட்டுகிறது. ஆகவே இங்கே பயணத்தின் கடிகாரம் படகுகளிடமும் ஓதத்திடமும் இருக்கிறது. ரைலே கடற்கரை நிலத்தோடு ஒட்டியதுதான் என்றாலும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் அதை அடைத்து நிற்பதால், படகில் மட்டுமே போக முடியும், பெரும்பாலோர் ஆவ் நாங்கிலிருந்து லாங்டெயில் என்னும் நீண்ட மரப் படகில் போகிறார்கள். போதிய ஆட்கள் சேர்ந்த பிறகே படகு கிளம்பும். இறங்குமிடத்தில் முழங்கால் அளவு நீரில் நடக்க நேரும். தோளில் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே பைக்கு மேல் எடுத்துவருபவர் இங்கே ஒவ்வொரு நாளும் வருந்துவார். சக்கரம் வைத்த பெட்டிக்கு வியட்நாம் ஓரளவு இடம் கொடுக்கும், இந்தக் கரை கொடுக்காது.

ஆனால் கடல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வியட்நாம் இதன் அருகில் வர இயலாது. பாங் ஙா விரிகுடாவில் நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறைகளும், கிராபியில் அந்தப் பாறைகளின் மீதே கயிறு கட்டி ஏறும் வசதியும், அடிமணல் தெரியும் தெளிந்த நீரும் வேறு வகையானவை. வியட்நாமில் இதற்கு எதிராக வைக்கக்கூடியது 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஹா லாங் விரிகுடா. 1,600 அளவில் தீவுகளும் திட்டுகளும் உள்ள அந்தக் காட்சி பிரம்மாண்டமானதுதான். எனினும் அங்கே நீர் பசுமையாகக் கலங்கியிருக்கும். மூழ்கிப் பார்ப்பதற்கான கடல் அதுவன்று. அங்கே போனால் கட் பா தீவில் தங்கி, கூட்டம் குறைந்த லான் ஹா விரிகுடாவுக்குச் சிறு படகில் போவதையே பரிந்துரைப்பேன். தாய்லாந்துப் பக்கம், பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடா பற்றி ஒரு சொல். சுற்றுலாக் கூட்டத்தால் பவளப்பாறை அழிந்ததால் 2018இல் மூடப்பட்ட அது, 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இப்போது அதற்குள் படகு நுழைவதில்லை. பின்பக்கத்தில் இறங்கி நடந்து போக வேண்டும், நீந்தவும் கூடாது. சிலர் இதை ஏமாற்றமாகச் சொல்வதைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது. கரையோர நீருக்குச் சுறாக் குட்டிகள் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு கடற்கரை பிழைத்துக்கொண்டதைக் கண்ணால் பார்ப்பது நீந்துவதைவிடப் பெரிய பேறு.

எந்த மாதம் என்பதில்தான் பெரும்பாலோரின் திட்டம் தவறிப்போகிறது. மத்திய வியட்நாமுக்கு மழை தருவது, நம் சோழமண்டலக் கரைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவம். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மறைவாக நிற்பதைப் போல அங்கே சுவோங் சோன் மலைத்தொடர் நிற்கிறது. ஆகவே சென்னையில் வெள்ள எச்சரிக்கை வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் டா நாங்குக்குத் தெற்கே உள்ள பழைய துறைமுக நகரமான ஹோய் ஆனிலும் துபோன் ஆறு பெருகித் தெருக்களுக்குள் வரும். தாய்லாந்தின் மேற்குக் கரையின் கணக்கு நேர்மாறானது. அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம். கடல் கொந்தளிக்கும், பல தீவுகளுக்குப் படகு நின்றுவிடும், சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் விடுமுறையோடு இதைப் பொருத்திப் பார்த்தால் வழி தெளிவாகும். தீபாவளியை ஒட்டிய விடுப்பில் மத்திய வியட்நாமைத் தவிர்க்க வேண்டும். தாய்லாந்துக் கரையும் நவம்பர் பிற்பாதியில்தான் நம்பகமாகிறது. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை தாய்லாந்துக் கரை மிகச் சிறந்த நிலையில் இருக்கும், வாடகையும் அப்போதே உச்சத்தில் இருக்கும். அதே நாட்களில் ஹுவேயில் தூறல், ஹனோயில் குளிர். கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் ஐயமே வேண்டாம், வியட்நாம்தான். டெட் என்னும் சந்திரப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வருகிறது. அந்த வாரங்களில் நாடே சொந்த ஊருக்குப் போவதால் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை, நம் சித்திரைப் பிறப்பின் நாட்களிலேயே வரும் சோங்கிரானும் அப்படித்தான்.

நகரங்களை ஒப்பிட்டால், எண்ணிக்கையில் வியட்நாம் முந்துகிறது: ஹனோயின் பழைய பகுதி, 1802 முதல் 1945 வரை ஆண்ட ஙுயென் அரசர்களின் தலைநகரான ஹுவே, ஹோய் ஆனின் வணிகத் தெருக்கள். மறுபக்கம் புக்கெட் பழைய நகரமும் ஜார்ஜ் டவுனும் உண்டு. ஈய வணிகத்தால் வளர்ந்த இந்த இரண்டு ஊர்களின் ஹொக்கியன் சீனக் குடும்பங்களும் கடைவீடுகளும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. புக்கெட்டின் தாலாங் சாலையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில் நிற்பவருக்கு நாட்டெல்லையே மறந்துபோகும். ஜார்ஜ் டவுனில் தமிழருக்குக் கூடுதலாக ஒரு நெருக்கம் கிடைக்கிறது. 1833இல் அமைந்த மகா மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த, சோறும் குழம்பும் தரும் நாசி கண்டார் கடைகளும், நாகூர் தர்காவின் பெயரிலேயே உள்ள தர்காவும் சில நிமிட நடையில் அமைந்துள்ளன. சைகோனிலும், அதாவது ஹோ சி மின் நகரத்திலும், ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அங்கே வணங்க வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

பழைய வரலாற்றைத் தேடுபவர்களுக்கு இரண்டு கரைகளும் நிறையக் கொடுக்கின்றன. ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள மி சோன், சாம் அரசர்களின் சிவத்தலம். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் நிறுவிய பத்ரேசுவரரிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த மிக உயரமான கோபுரம் சிதைந்தது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே மறுசீரமைப்புப் பணி செய்தபோது, 2020இல், மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது. தாய்லாந்துக் கரையில் இவ்வளவு பெரிய கட்டடம் எதுவும் கிடையாது, ஆனால் அங்கே கிடைத்திருப்பது தமிழ் எழுத்து. கிராபி மாகாணத்தின் க்ளோங் தோமில், 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்று கிடைத்தது. அவ்வூர்க் கோயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. தகுவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் பாதுகாப்பில் வைத்ததைச் சொல்கிறது. கிராபிக்கு வரும் நம்மவர் பலரும் படகுத்துறைக்கு நேராகப் போய்விடுகிறார்கள். க்ளோங் தோமுக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள் என்று இருவரையும் கைப்பிடித்துக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சாப்பாட்டில் அசைவம் உண்பவருக்கு இரண்டும் சொர்க்கம். சைவம் உண்பவருக்கு வியட்நாமில் முதலில் திகைப்பாக இருக்கும், ஏனெனில் மீன் சாறு எதிலும் கலந்திருக்கும். 'சாய்' என்ற சொல்லைப் பலகையில் தேடப் பழகிவிட்டால் பௌத்த சைவ உணவகங்கள் எல்லா நகரங்களிலும் தென்படும், அமாவாசையும் பௌர்ணமியும் அவற்றுக்குச் சிறப்பு நாட்கள். தாய்லாந்தில் அதே பணியைச் செய்வது 'ஜே' என்று எழுதிய மஞ்சள் கொடி. சிறு தீவுகளில் தெரிவு குறைவு. ஜார்ஜ் டவுனை எட்டியதும் இந்தக் கவலை முற்றிலும் நீங்கும்.

பணத்தில் வியட்நாமே மலிவு. ஹோய் ஆன் பழைய நகரத்தின் நுழைவுச் சீட்டு 1,20,000 டாங், ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று வைத்தால் 400 ரூபாய். பீ பீ தீவுகளின் தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் கட்டணம் 400 பாட், அதாவது 1,000 ரூபாய்க்கு மேல், படகுச் செலவு தனி. இருவராகப் போவதன் பலனும் வியட்நாமில் கூடுதல், அறை வாடகையையும், கிராப் என்னும் செயலியில் அழைக்கும் வாடகைக் கார் கட்டணத்தையும் பாதியாக்கிக்கொள்ளலாம். தாய்லாந்துக் கரையில் பெருஞ்செலவான படகுக்குத் தலைக்கு இவ்வளவு என்றே வாங்குகிறார்கள். ஒரு எச்சரிக்கை: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீல நிறம். பெரிய தாள்களைத் தனி மடிப்பில் வையுங்கள்.

முதன்முறையாகச் சேர்ந்து போகும் இருவருக்கு நான் வியட்நாமையே சொல்வேன். இருவருமே நீந்துபவர்கள், இருவருக்கும் தீவில் நான்கு நாள் சும்மா இருக்கப் பிடிக்கும், விடுப்பும் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் என்றால் மட்டும் தாய்லாந்து–பினாங்கு வழி. வியட்நாம் போகும் திசையையும் பருவமே முடிவு செய்யட்டும்: மார்ச்சில் கிளம்புபவர் சைகோனிலிருந்து வடக்கே போனால், ஹனோய்க்கு வந்துசேரும்போது அங்கே தூறலும் குளிரும் தணிந்திருக்கும், மே மாதத்தில் கிளம்புபவர் எந்த முனையிலும் தொடங்கலாம். வடக்கிலிருந்து தெற்கே வருபவர் ஹுவேயில் ரயில் ஏறும்போது இடப்பக்கத்து இருக்கைகளைக் கேட்டு வாங்க வேண்டும், கடல் அந்தப் பக்கம்தான். தெற்கிலிருந்து போகிறவருக்கு வலப்பக்கம். படுக்கைப் பெட்டி இந்தத் துண்டுக்குத் தேவையில்லை, அதை டா நாங்–ஹனோய் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கைக்கு விலை கூடுதல் என்பதால், யாருக்கு எது என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.