ஹேமர் எச்20: லைஃப்ராஃப்டை விடுவிக்கும் குட்டிக் கருவி

லைஃப்ராஃப்ட் என்பது கப்பல் மூழ்கும்போது ஏறித் தப்பிக்கும் காற்று மிதவை; மடித்துப் பெட்டியில் வைத்து டெக்கில் கட்டியிருப்பார்கள். கப்பல் மூழ்கி, கருவி ஒன்றரை முதல் நாலு மீட்டர் ஆழம் போனதும் நீரழுத்தத்தில் உள்ளிருக்கும் கத்தி பாய்ந்து, பெட்டியைக் கட்டியிருக்கும் வெள்ளைக் கயிற்றை அறுக்கும். லைஃப்ராஃப்ட் பெட்டி தானாக மேலே மிதக்கும். ஸ்வீடன் தயாரிப்பு. சர்வீஸ் கிடையாது, பொருத்திய நாளிலிருந்து 2 வருடம், பிறகு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டவேண்டியதுதான். கரையில் வருடாந்திர சர்வீஸுக்கு அனுப்பும் அலைச்சல் மிச்சம்.

கருவியில் குறை சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. கோளாறெல்லாம் மாட்டுவதில்தான். பெயின்டர் கயிற்றின் (ராஃப்டைக் கப்பலோடு இணைத்து, இழுபட்டதும் விரியவைக்கும் கயிறு) முனை சிவப்பு வீக் லிங்க்கில் (அதிக இழுப்பில் அறுவதற்கென்றே வைத்த இணைப்பு) சேரவேண்டும். பலர் கயிற்று முனையின் ஷேக்கிளை (இரும்புக் கொக்கி) நேரே டெக்கின் இரும்பு வளையத்தில் மாட்டிவிடுகிறார்கள். அப்போது ராஃப்ட் விரிந்தாலும் கப்பலோடு சேர்ந்து ஆழத்துக்குப் போகும். வீக் லிங்க் இருந்தால் சுமார் 2.2 கிலோ நியூட்டன் இழுப்பில் அறுந்து விட்டுவிடும்.

லேபிளில் காலாவதி மாதம், வருடத்தைக் குறிக்காமல் விட்டால் ஆய்வில் சிக்குவது உறுதி. டெக்குக்குப் பெயின்ட் அடிக்கிறவர் இதன் மேலும் ஒரு கை பூசிவிடுவார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கலாம்.