எச்.ஐ.வி. பரிசோதனை: வீட்டிலேயே செய்வதா, கிளினிக் போவதா?

செலவு: அரசு பாலியல் நோய் கிளினிக்கில் இலவசம், துண்டுக் கடிதமும் கேட்க மாட்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளையில் உண்டு. ஆனால் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு பஸ் காசோடு அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) போகும். வீட்டிலேயே உமிழ்நீரில் பார்க்கும் சுயபரிசோதனைக் கருவிக்கு அந்த அலைச்சல் இல்லை.

ரகசியம்: கருவிதான் என்று தோன்றும். ஆனால் லயத்து அறையில் யார் கண்ணிலும் படாமல் இருபது நிமிடம் காத்திருப்பது லேசா? கிளினிக்கில் விவரத்தை வெளியே விட மாட்டார்கள். டவுனில் தெரிந்த முகம் எதிர்ப்படலாம், அவ்வளவுதான்.

நம்பகம்: உமிழ்நீர்க் கருவி புதுத் தொற்றைத் தவறவிடக்கூடும், தொற்றியிருக்கக்கூடிய நாளிலிருந்து 3 மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி. கிளினிக் இரத்தப் பரிசோதனை பல வாரம் முன்பே காட்டிவிடும். கருவி 'உண்டு' என்றாலும் இரத்தத்தில் உறுதிப்படுத்தத்தான் வேண்டும். (கருவியில் பார்க்கும் முன் அரை மணி நேரம் தேத்தண்ணி, வெற்றிலை வேண்டாம்.)

கூச்சத்தால் தள்ளிப்போடுபவர் கருவியில் தொடங்கட்டும். கர்ப்பிணி என்றால் தாய் சேய் கிளினிக்கிலேயே பார்க்கிறார்கள். நேற்று முந்தாநாள் பாதுகாப்பில்லாத உறவா? அப்படியானால் கருவியை மறந்துவிட்டு நேரே கிளினிக் போங்கள். தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.