மாணவர் நுண்ணோக்கி: மண்டபத்தில் ஓராண்டுப் பயன்பாடு

இராமநாதபுரத்துக் கடையொன்றில் வாங்கிய, 40 முதல் 400 மடங்கு வரை பெரிதாக்கும் இந்த நுண்ணோக்கியில், மண்டபம் என்ற கடலோர ஊரின் கடல்நீரையும் ஊருணி நீரையும் ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். ஒருசெல் உயிரியான பாரமீசியம் உடலைச் சுழற்றியபடி நீந்துவதும், தடையில் முட்டினால் பின்வாங்கித் திசைமாறுவதும் 100 மடங்கிலேயே தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அதனை உந்தும் குறு இழைகளைக் காண 400 மடங்கு தேவை. அமீபா பொய்க்காலை நீட்ட, உடலின் உட்பொருள் அதற்குள் பாய்ந்து செல்லும் காட்சிக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். யூக்ளினா என்ற ஒருசெல் உயிரியின் சாட்டை போன்ற கசையிழையோ, ஒளியைக் குறைத்தால் மட்டுமே மெல்லிய கோடாகத் தோன்றுகிறது.

மீனவர்கள் பூங்கோரை என்றழைக்கும், கடலையே பச்சையாக்கும் நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரிக்கு 40 மடங்கு போதும். கசையிழை இருந்தும் அது நீந்துவதில்லை, மிதக்கிறது.

உடன் வந்த கையேடுதான் பெருங்குறை. இயக்க உறுப்பை மட்டுமே அளவுகோலாக்கி, பழைய முறைப்படி ஒருசெல் உயிரிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்து அது நின்றுவிடுகிறது. ஆனால் மரபணு ஒப்பீட்டின்படி, குறு இழைகள் கொண்ட பாரமீசியமும், கசையிழை கொண்ட நாக்டிலூகாவும், இயக்க உறுப்பற்றதென்று கையேடு கூறும் மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியமும் ஆல்வியோலேட்டா என்ற ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. கருவியைத் தயங்காமல் வாங்கலாம். கையேட்டை நிறுவனம் உடனே திருத்த வேண்டும்.